முதல் பத்திரிகை

பையை இங்கேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று காவலாளி சொன்னபோதே சாந்தாமணி திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது முதல் தப்பு. இல்லை, முதல் தப்பு இந்த இடத்துக்கு வர ஒத்துக்கொண்டது. அதற்கும் முந்தின தப்பு எது என்று தோண்டப் போனால் ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும், அதற்கு இப்போது நேரமில்லை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும், இப்போதே மணி பதினொன்று. பைக்குள் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம், குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய மகள் மௌனிகாவின் கல்யாணப் பத்திரிகை. 'பழமும் வெத்தலையும்தானுங்க, குண்டா வெச்சிருக்கேன்?' என்று கேட்டுப் பார்த்தாள். அந்த மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. 'உள்ள படம் பொம்மையெல்லாம் இருக்குதுங்கம்மா, பை பட்டு ஏதாவது விழுந்துச்சுன்னா என் வேலை போயிரும்' என்று வாங்கி ஒரு வெள்ளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, நம்பர் போட்ட வில்லை ஒன்றைக் கையில் கொடுத்தார். சாமிக்கு வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்த பத்திரிகையை எவனோ போட்டுவிட்டுப் போன ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியாயிற்று. வீட்டுக்காரர் துரைசாமி கேட் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, 'நான் வந்தா வாய்க்கு வந்ததைச் சொல்லிப்புடுவேன், நீயே போய் வெச்சுட்டு வா' என்று போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அறுநூறு பத்திரிகை அச்சாகி வந்து பத்து நாளாக வீட்டுக் கட்டிலில் கிடக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். குலதெய்வத்துக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு, அதுவும் அவன் வீட்டு வாசற்படி ஏறிப் போய், அவன் கையில். அதற்கப்புறம்தான் ஊருக்கு, உறவுக்கு, பக்கத்து வீட்டுக்கு எல்லாம். இந்தத் தாய்மாமனோ, பெங்களூரை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டான் என்று கேள்வி, வாசற்படியையே காட்ட மாட்டேன் என்கிறான். 'வீட்டுக்கு வேண்டாங்கக்கா. ஆனைமலை ரோட்டுல உள்ள தள்ளி ஒரு ஆர்ட் கேலரி இருக்குது. தோட்டம் இருக்கு, சாப்பாடும் நல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை அங்க வாங்க' என்று போனில் சொல்லிவிட்டான். அக்காவின் கால் அவன் வீட்டில் படக் கூடாதாம், அதற்குத்தான் இந்தத் தோட்டமும் சாப்பாடும்.

'வாங்கக்கா' என்று வெள்ளியங்கிரி எதிரே வந்து நின்றான். வாங்கவாம். மூக்கை ஒழுக்கிக்கொண்டு 'நீ வா, நீ போ' என்று பின்னாலேயே திரிந்தவன், ஆறு வருஷத்தில் கேஸ் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி 'நல்லா இருக்கீங்களா, மாமா வரலீங்களா' என்கிறான். காதோரம் நரைத்திருந்தது. இளைத்தும் இருந்தான், சட்டை தோளில் தொங்குகிறது, பொண்டாட்டி நித்யகலா ஒழுங்காகச் சமைத்துப் போடுவதில்லையா, அவள் ஏன் வரவில்லை, கேட்கலாமா, கேட்டால் 'ஆறு வருஷமா இல்லாத அக்கறை' என்பானா. கேட்கவில்லை. 'டேய், பையை வாங்கிக் குடுக்கச் சொல்லுடா, உனக்குத்தான் கொண்டாந்தது' என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவன் உள்ளே நடக்க ஆரம்பித்திருந்தான். முதல் கூடத்தில் சுவரே இல்லாமல் வெறும் நிலைக்கதவுகள் நின்றன. பதினெட்டோ இருபதோ, இடித்த வீடுகளிலிருந்து பிடுங்கி வந்தவை. சிலதில் இன்னும் மஞ்சள் பூச்சு, ஒன்றில் காய்ந்து கறுத்த மாவிலை. ஒரு பெண் செல்போனை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு நிலையாக நுழைந்து நுழைந்து வெளியே வந்தாள், எந்த வீட்டுக்குள்ளும் போகாமல். 'நடந்து போலாங்கக்கா, தொடலாம்' என்றான் தம்பி. தொடலாமாம், பெரிய பெருமை. ஒவ்வொரு படியும் யாரோ கல்யாணப் பெண் காலெடுத்து வைத்த படி, யாரோ கடைசியாகப் போன படி, அதைக் கொண்டுவந்து நிற்க வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். சாந்தாமணிக்கு ஒரு யோசனை ஓடியது. இதுவும் வாசற்படிதானே? இதில் ஏதாவது ஒன்றுக்கு அந்தப் பக்கம் இவனை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் நின்று தாம்பாளத்தை நீட்டினால் என்ன? நீட்டலாம், பை அலமாரியில் அல்லவா இருக்கிறது. அப்படியே நீட்டினாலும் நாளைக்கு நாத்தனார் 'தம்பி வீடு எப்படி இருந்துச்சு, உள்ள கூப்பிட்டாங்களா' என்று கேட்டால் 'வீடில்லை, கதவு மட்டும்தான் இருந்துச்சு' என்றா சொல்வது? அட போ. எரிச்சல் நெஞ்சுக்குள் ஏறியது. அவனானால் கூரையிலிருந்த ஒரு விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான், அக்கா வந்திருக்கிறாள், அவளிடம் ரெண்டு வார்த்தை பேசுவோம் என்றில்லாமல், பிறகு சுவரோரம் போய் எதையோ திருகினான், வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. அடிக்கடி வந்து போகிற பெரிய மனுஷன் போலிருக்கிறது, இங்கே எதையும் தொடலாம், திருகலாம், கேட்பாரில்லை. மணி பதினொன்று இருபது.

அடுத்தது ஒரு இருட்டறை. வாசலில் 'மூச்சு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, கறுப்புத் துணியும் ஒரு பெஞ்சும்தான். உட்கார்ந்ததும் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். இழுத்தது. நின்றது. விட்டது. யாரோ தூங்குகிறபோது பதிவு செய்தது என்று வெள்ளியங்கிரி மெதுவாகச் சொன்னான். தூக்கமா இது? இழுத்தது, நின்றது, ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். அம்மாவுக்குக் கடைசி ரெண்டு நாளும் அப்படித்தான் எண்ணினாள், எட்டு வரைக்கும் போகும், சரி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது திரும்ப இழுக்கும். ஏழு மாசம் படுக்கை. பீயும் மூத்திரமும் எடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, புரட்டிப் படுக்க வைத்து. பெங்களூரிலிருந்து இவன் வந்தது ரெண்டே தடவை, ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, மென்று தின்னப் பல்லில்லாத கிழவிக்கு. பத்து நிமிஷம் கட்டில் பக்கத்தில் நிற்பான், போன் வரும், வெளியே போய்விடுவான். அன்றைக்குச் சித்திரை மாசம். வெயில் அப்படியொரு வெயில். காலையில் உயிர் போயிற்று, மத்தியானம் ரெண்டு மணிக்குத் தேர் கட்டித் தயாராக நின்றது, இவன் போன் செய்து 'பவானி தாண்டிட்டேன்க்கா, ரெண்டு மணி நேரம், ரெண்டே மணி நேரம் பொறுக்கச் சொல்லு' என்று அழுதான். பெரியப்பா அவளைப் பார்த்து, 'என்ன சாந்தாமணி, பையனுக்காகப் பொறுப்பமா?' என்று கேட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். 'வெயில் தாங்காதுங்க பெரியப்பா. எடுங்க' என்றாள். வெயில்தான். சாமி சத்தியமாக வெயில்தான். ஐஸ் பெட்டி இருந்தது, ஆனாலும் வெயில். ஐஸ் பெட்டியை மாலை ஆறு மணி வரைக்கும் வாடகைக்குச் சொல்லியிருந்தது, ஆனாலும் வெயில். பெரியப்பா மகன் பழனிச்சாமி கொள்ளி வைத்தான். இவன் நாலேகால் மணிக்கு வந்து இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள், வாசலெல்லாம் தண்ணீர், அதில் ஷூவோடு நின்றான். சத்தம் போடவில்லை. 'ரெண்டு மணி நேரம்தானேக்கா கேட்டேன்' என்றான், அவ்வளவுதான். ஆறு வருஷமாக எல்லாரிடமும் வெயில் கணக்கே சொல்லியாயிற்று, துரைசாமியிடம்கூட. இப்போது இந்த இருட்டில் எவனுடைய மூச்சோ இழுத்து நிற்கும்போது, அன்றைக்கு 'எடுங்க' என்று சொன்ன வினாடியில் வயிற்றுக்குள் குளுகுளுவென்று ஒன்று இறங்கியதே, நல்லா வேணும்டா உனக்கு, வந்து வெறும் வாசலைப் பாரு என்று, அது ஞாபகத்துக்கு வந்தது. 'எனக்கு மூச்சு முட்டுது' என்று எழுந்து வெளியே ஓடி வந்துவிட்டாள்.

வெளியே தோட்டம். வெளிச்சத்தில் கண் கூசியது. நல்ல தோட்டம்தான், குறை சொல்ல முடியாது, ஆனால் அவள் குறை சொல்லத் தயாராக இருந்தாள். வழி நெடுக செம்மண், ஓரத்தில் ஆவாரை, துத்தி, கொழுஞ்சி, எருக்கு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர் எழுதிய தகடு. ஆயுசு முழுக்கக் காட்டில் குனிந்து பிடுங்கி எறிந்த செடிகளுக்கு இங்கே பெயர்ப்பலகை வைத்து, தண்ணீர் விட்டு, கயிறு கட்டிக் காவல். நடுவில் தகரத்தால் செய்த பெரிய மனுஷன் ஒருத்தன் குப்புறக் கிடந்தான், முதுகில் தொட்டி, அதில் அல்லி. 'இது என்னடா சொல்லுது?' என்று கேட்டாள், பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று. 'தெரியலைங்கக்கா. மழை பெஞ்சா அடியில தண்ணி நிக்கும், துரு ஏறுது. அதுதான் எனக்குத் தெரியும்' என்றான். அதுதான் தெரியுமாம். ஒரு தோட்டக்காரர் வந்து, 'சார், கீழ் மோட்டார் ஓடலைங்க' என்றார். இவன் அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ ரகசியம் சொல்லிவிட்டு வந்தான். மோட்டார் ஓடவில்லை என்று விருந்தாளியிடமா சொல்வார்கள்? பழகின பழக்கம் அப்படி. நமக்கு மட்டும் வாங்க போங்க. கையிலிருந்த வில்லை வேர்வையில் நனைந்திருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும். 'கிரி, முகூர்த்தம் அடுத்த மாசம் ஏழாம் தேதி' என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வரும். மௌனிகாவுக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர இவன் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணுக்கு மாமன் இல்லையா, இருந்தும் வரவில்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் காதைக் கடிப்பார்கள். அதுகூடப் பெரிதில்லை, பெண் கேட்டாள், 'கிரி மாமா வரலைன்னா எனக்கு யாரும்மா?' என்று முந்தாநாள் தலை வாரிக்கொண்டே கேட்டாள், கண்ணாடியைப் பார்த்தபடி. போன் அடித்தது, துரைசாமி. 'வெச்சாச்சா?' 'இல்லீங்க.' 'மணி பதினொன்னு நாப்பது. அங்க என்னதான் பண்றீங்க?' 'செடி பாக்கறோம்.' 'செடியா?' என்றார்.

சாப்பாட்டுக் கூடம் ஓலைக் கூரை போட்டு நாலு பக்கமும் திறந்து கிடந்தது. மரப்பலகை மேஜை, மண் தட்டு, உள்ளங்கையளவு கிண்ணத்தில் கம்பங்கூழ், அதன் மேல் ஒரு மாதுளை முத்து. சாந்தாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதுளை முத்து எதற்கு, பொட்டு வைத்த மாதிரி? பரிமாற வந்த பெண், 'அண்ணா, உங்களுக்கு எப்பவும் போலவா?' என்றாள். எப்பவும் போலவாம், வாரா வாரம் வந்து தின்கிறான். ஐம்பது மைல் தாண்டி அக்கா வீடு, ஒரு பொங்கல், ஒரு தீபாவளி கிடையாது. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பதினொன்று ஐம்பது. இப்போதே எழுந்து போய்ப் பையை வாங்கி வந்து, இந்தக் கூழையும் சட்னியையும் ஒதுக்கிவிட்டு இந்த மேஜையிலேயே வைத்துக் கொடுத்துவிட்டால்தான் என்ன? ஓட்டலில் வைத்துப் பத்திரிகையா, எச்சில் மேஜையிலா, அம்மா இருந்தால் காறித் துப்புவாள். அம்மா இருந்தால் இந்த வம்பே இல்லை. பதினொன்று ஐம்பத்தைந்து. தோசை வந்தது. வெள்ளியங்கிரி தலை நிமிராமல் சாப்பிட்டான், சின்ன வயசில் சாப்பிடுகிற மாதிரியே ஓரத்தைச் சுற்றித் தின்றுவிட்டு நடுவைக் கடைசிக்கு வைத்தான், அதைப் பார்த்ததும் தன் தோசையின் நடுவைப் பிய்த்து அவன் தட்டில் போட அவளுக்குக் கை போனது, போனதால் கோபம் இன்னும் ஏறியது. கூரையடியில் தொங்கிய கடிகாரத்தில் ரெண்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்தன. போச்சு. ஒன்றரை மணி வரைக்கும் போச்சு. 'போதும்டா' என்று தட்டைத் தள்ளினாள். பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். 'கதவு காட்டினே, இருட்டு காட்டினே, எருக்கஞ்செடி காட்டினே. உன்ற வீட்டைக் காட்ட மாட்டியா? அக்கா மேல உனக்குக் கோவம்னா நேரா நின்னு திட்டிட்டுப் போ. என்ற புள்ளைக்குப் பத்திரிகை வைக்க வந்தவளை இப்படிச் சந்தையில மாடு சுத்தற மாதிரி ஏண்டா சுத்த விடறே?' வெள்ளியங்கிரி கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தான். 'சரி, வாக்கா' என்று எழுந்தான்.

அவன் முதலில் வாசலுக்குப் போனான். காவலாளி வில்லைகூடக் கேட்காமல் பையை எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து சமையலறையைச் சுற்றிக்கொண்டு பின்னால் கூட்டிப் போனான். கேஸ் சிலிண்டர்கள், கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள், அதற்கப்பால் மூன்று சிறிய அறைகள் வரிசையாக. கடைசி அறையைத் திறந்தான். ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், கம்பியில் ரெண்டு சட்டை, மூலையில் வயர்ச் சுருளும் ஸ்க்ரூடிரைவரும். சட்டைகளோடு ஒரு சேலை தொங்கவில்லை. ஒரு பொட்டு ஒட்டிய கண்ணாடிகூட இல்லை. 'இதுதான் என் வீடு' என்றான். 'பெங்களூர் வேலை போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க லைட்டு, மோட்டார் எல்லாம் பாத்துக்கறேன். கலா அதுக்கு முன்னாலயே அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. கோர்ட்டுல முடிஞ்சுருச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...' நிறுத்தினான். சாந்தாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து கோபத்தில் சேர்த்து வைத்த அத்தனையும், விளக்கைத் திருகினது, மோட்டார், எப்பவும் போல, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தது. மடச்சி, மடச்சி. 'மாமனும் அத்தையும் ஜோடியா நின்னுதானேக்கா மாலை போடணும்?' என்றான் அவன். 'ஒத்தையா வந்து மணவறையில நின்னா மௌனிக்கு ஆகாதும்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால உனக்குத்தான் தலைகுனிவு.' அவன் சொன்னது சரிதான். வழக்கம் அதுதான். நாத்தனார் என்ன சொல்வாள், சம்பந்தியம்மா எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று அவள் மனசு அதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அவனே வரமாட்டேன் என்கிறான், நாம் கூப்பிடாமல் இல்லை, யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதே குளுகுளு. வயிற்றில் அதே இடத்தில். 'பழனிச்சாமியைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக்கக்கா. அவனும் மாமன் முறைதானே, அவனுக்குப் பொண்டாட்டி இருக்குது' என்றான் வெள்ளியங்கிரி, குரலில் குத்தல் எதுவும் இல்லாமல், அவளுக்கு உதவி செய்கிறவனைப் போல.

'உன் இடத்துல ஒருக்கா அவனை நிக்க வெச்சது போதும்' என்றாள். பையைத் திறந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தாம்பாளத்தை வைத்து, பழம், வெற்றிலை, பாக்கு, பத்திரிகை. பாக்கு உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. 'எமகண்டம்க்கா' என்றான். 'இருந்துட்டுப் போகுது.' 'ஒன்றரைக்கு மேல வெச்சுக்கலாமே.' 'ஒன்றரைக்குள்ள எனக்குப் புத்தி மாறிரும்டா. என்னைப் பத்தி உனக்குத் தெரியாது.' நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். 'அன்னைக்கு வெயிலுக்காக எடுக்கச் சொல்லல கிரி. ஐஸ் பெட்டி சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. உன் மேல இருந்த ஆங்காரத்துல சொன்னேன். நீ வந்து பாக்கக் கூடாதுன்னே சொன்னேன்.' சமையலறையில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். வெள்ளியங்கிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெரியும் என்று சொல்வானோ, போ வெளியே என்பானோ, அவளுக்குத் தெரியவில்லை, இனிமேல் அதைத் தடுக்கவும் அவளிடம் ஒன்றும் இல்லை. அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். பிறகு கையைச் சட்டையில் நன்றாகத் தேய்த்துவிட்டு, அவள் எடுத்து நீட்டிய தாம்பாளத்தைக் குனிந்து ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பத்திரிகையைப் பிரிக்காமலே மேலே எழுதியிருந்த அவன் பெயரை ஒரு தடவை வாசித்தான்.

'முகூர்த்தம் எத்தனை மணிக்குக்கா?' என்று கேட்டான்.

'நீ வந்தப்புறம்' என்றாள்.